வெப்பம் வெளியேறும் வழி

2018 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் 15 அங்குல மேக்புக் ப்ரோவின் புதிய மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை உயர்ந்த வகையில் இன்டெலின் கோர் ஐ9 ப்ராசஸர் இருந்தது. அதில் ஆறு கோர்கள்; முந்தைய ஆண்டு மாடலில் நான்குதான். புதியது வேகமாக ஓடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். டேவ் லீ என்ற யூடியூபர், எடிட் செய்த வீடியோ ஒன்றை இறுதிக் கோப்பாக மாற்றும் வேலையை அதனிடம் கொடுத்தார். கிட்டத்தட்ட 40 நிமிடம் பிடித்தது. முந்தைய ஆண்டு மாடல் அதே வேலையைச் சுமார் 35 நிமிடத்தில் முடித்திருந்தது. பிறகு அவர் புதிய லேப்டாப்பை ஃப்ரிட்ஜின் ஃப்ரீசருக்குள் வைத்து, அதே வேலையை மறுபடி ஓட்டினார். சுமார் 27 நிமிடத்தில் முடிந்துவிட்டது.

லேப்டாப்பும் மென்பொருளும் வீடியோவும் மாறவில்லை. சுற்றியிருந்த காற்றின் வெப்பநிலை மட்டும் மாறியது. அந்த மாதமே ஆப்பிள் ஒரு மென்பொருள் திருத்தத்தை வெளியிட்டது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் உள்மென்பொருளில் ஒரு பகுதி விடுபட்டிருந்ததால் வேகம் அளவுக்கு மீறிக் குறைந்தது என்று விளக்கமும் தந்தது. திருத்தத்துக்குப் பிறகு நிலைமை சீரானது. ஆனால் அந்தச் சோதனை காட்டிய உண்மை எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும். ஒரு லேப்டாப் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை உள்ளே இருக்கும் சிப் மட்டும் முடிவு செய்வதில்லை. அதில் பிறக்கும் வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. அந்த வெளியேறும் வழியைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

வாங்கும் மின்சாரம் எல்லாம் வெப்பமே

ப்ராசஸர் எதையும் நகர்த்துவதில்லை, தூக்குவதில்லை. அது கணக்குப் போடுகிறது. ஆகவே அதற்குள் செல்லும் மின்னாற்றல் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறியாக வேண்டும். 45 வாட் மின்சாரம் உள்ளே போனால் 45 வாட் வெப்பம் வெளியே வரும். நல்ல சிப், மட்டமான சிப் என்ற பேதம் இதில் இல்லை. நல்ல சிப் அதே 45 வாட்டில் அதிக வேலையைச் செய்யும், அவ்வளவுதான்.

சிப்புக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நொடிக்குப் பல கோடி முறை திறந்து மூடுகிறது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய அளவு மின்னூட்டம் ஏறி இறங்குகிறது. அந்த ஆற்றல் அங்கேயே வெப்பமாகிறது. இது போதாதென்று, மூடியிருக்கும் டிரான்சிஸ்டர் வழியாகவும் கொஞ்சம் மின்னோட்டம் கசிகிறது. சிப் சூடாகச் சூடாக இந்தக் கசிவு கூடும். கசிவு கூடினால் சூடும் கூடும். ஒன்றை ஒன்று வளர்த்துவிடும் இந்தச் சுழற்சியால்தான் வெப்பத்தைத் தொடக்கத்திலேயே கட்டுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது.

வாட் கணக்கை மட்டும் பார்த்தால் 45 என்பது பெரிய எண்ணாகத் தோன்றாது. அது எவ்வளவு சிறிய இடத்திலிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இன்டெலின் கோர் ஐ7 12700எச் லேப்டாப் ப்ராசஸரின் சிலிக்கான் பரப்பு சுமார் 2 சதுர சென்டிமீட்டர். அதன் அடிப்படை மின்தேவை 45 வாட். உச்ச வேகத்தில் 115 வாட் வரை போகலாம். வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் எடுத்தாலும் அதன் அடித்தகடு 200 சதுர சென்டிமீட்டருக்கு மேல் பரந்திருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், இஸ்திரிப் பெட்டியில் பாயும் வெப்பம் 5 வாட்டுக்கும் குறைவு. சிப்பில் 20 வாட்டுக்கு மேல், உச்சத்தில் 50 வாட்டையும் தாண்டும். இவ்வளவு அடர்த்தியான வெப்பத்தை, இரண்டு சென்டிமீட்டர் தடிமன்கூட இல்லாத பெட்டிக்குள்ளிருந்து, காதை உறுத்தாமல், கையைச் சுடாமல் வெளியேற்ற வேண்டும்.

வேகம் கூட்டினால் என்ன ஆகும்?

டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடுவதற்கு ஆகும் மின்திறன் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: ஒன்று வேகம், அதாவது கிளாக் அதிர்வெண், மற்றொன்று மின்னழுத்தம். அதிர்வெண் இரண்டு மடங்கானால் மின்திறனும் இரண்டு மடங்காகும். மின்னழுத்தமோ இருமடிக் கணக்கில் வேலை செய்யும். அது இரண்டு மடங்கானால் மின்திறன் நான்கு மடங்காகும். அதிக வேகத்தில் ஓட அதிக மின்னழுத்தமும் தேவைப்படுவதால், இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் குறைத்தால் வெப்பம் 27 சதவீதம் குறையும். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் வெப்பத்தைக் கையாளும் உத்திகளில் பாதிக்கு இதுதான் அடிப்படை.

1974இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது அதன் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போனால், ஒரு சதுர மில்லிமீட்டரில் உருவாகும் வெப்பம் அதிகரிக்காது என்று அது காட்டியது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் இந்த விதியின் துணையோடுதான் கணினிகள் வேகமடைந்தன. ஆனால் மின்னழுத்தம் 1 வோல்ட்டை நெருங்கியதும் கசிவு பெரிதாகி, அதற்குக் கீழே இறக்குவது கடினமாயிற்று. 2005 வாக்கில் விதி நின்றுபோனது. டிரான்சிஸ்டர்கள் தொடர்ந்து சிறிதாகின, வெப்பம் மட்டும் அடர்ந்துகொண்டே போனது.

தொழில்துறை முழுவதும் இதன் அடி விழுந்தது. பென்டியம் 4 வரிசையில் அடுத்து வரவிருந்த டேஜாஸ் என்ற சிப்பை 2004 மே மாதம் இன்டெல் கைவிட்டது. ஒரே கோரை மேலும் மேலும் வேகமாக்கும் பாதையை விட்டுவிட்டு, பல கோர்களை நிதான வேகத்தில் ஓட்டும் பாதைக்குத் திரும்பியது. அதற்கு முந்தைய ஆண்டே, இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த அதன் குழு லேப்டாப்புக்கென்றே பென்டியம் எம் சிப்பை உருவாக்கியிருந்தது. அதன் கிளாக் வேகம் பென்டியம் 4ஐவிடக் குறைவு, வெப்பமும் குறைவு, வேலையோ ஈடுகொடுத்தது.

ஆப்பிளுக்கும் இதே நிலைதான். அது பயன்படுத்திய ஜி5 ப்ராசஸர் மேசைக் கணினியில் ஓடியது. ஆனால் அதை லேப்டாப்பில் அடக்க முடியவே இல்லை. ஆப்பிள் லேப்டாப்பான பவர்புக்கின் ஜி5 வகை வெளிவராமலே போனது. 2005 ஜூனில் இன்டெல் சிப்புக்கு மாறுவதாக ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தபோது, அவர் முன்வைத்த காரணம் ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை கிடைக்கிறது என்பதுதான். இன்றுவரை லேப்டாப் சிப்பை எடைபோடச் சரியான அளவுகோல் அதுவே.

சிப்பிலிருந்து காற்று வரை

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது செம்பு நிறக் குழாய்கள். சர்க்யூட் போர்டின் நடுவில் ஒரு சிறிய செம்புத் தகடு, அதற்கடியில் ப்ராசஸர். தகட்டிலிருந்து ஒன்றோ இரண்டோ தட்டையான குழாய்கள் கிளம்பி, வளைந்து, ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகடுகளின் வரிசையில் போய் முடிகின்றன. அந்த வரிசையை ஒட்டி ஒரு ஃபேன். வெப்பம் போகும் பாதை முழுவதும் இவ்வளவுதான்.

பாதையின் முதல் கண்ணி தெர்மல் பேஸ்ட். பளபளவென்று தெரியும் இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும், நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். பள்ளங்களில் காற்று நிற்கும். செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் காற்று ஏறத்தாழ 15,000இல் ஒரு பங்குதான் கடத்தும். அந்தக் காற்றை விரட்டிவிட்டு இடத்தை நிரப்புவதே பேஸ்ட்டின் வேலை. பேஸ்ட்டும் செம்புக்கு ஈடாகாது. அதனால் எவ்வளவு மெல்லியதாகப் படிகிறதோ அவ்வளவு நல்லது. அதிகம் தடவினால் அதிகம் குளிரும் என்பது தவறு.

அடுத்த கண்ணிதான் இந்த அமைப்பிலேயே அழகானது: ஹீட் பைப் எனப்படும் வெப்பக்குழாய். வெளியே பார்த்தால் வெறும் செம்புக் கம்பி போலத் தெரியும். உண்மையில் அது உள்ளீடற்ற குழாய். உட்சுவரில் செம்புத் தூளைச் சுட்டு ஒட்டிய நுண்துளைப் படலம் இருக்கும். காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, மிகக் கொஞ்சம் தூய நீரை விட்டு மூடியிருப்பார்கள். உள்ளே காற்றழுத்தம் இல்லாததால் நீர் கொதிக்க 100 டிகிரி செல்சியஸ் தேவையில்லை. சிப் மிதமாகச் சூடானாலே ஆவியாகத் தொடங்கும். ஆவி குழாயின் மறுமுனைக்குப் பாய்ந்து, அங்கே தகடுகளிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகிறது. அந்த நீரை நுண்துளைப் படலம் உறிஞ்சி மறுபடி சூடான முனைக்கே கொண்டுவருகிறது. பம்ப் இல்லை, மோட்டார் இல்லை, தேய்மானம் இல்லை.

எவ்வளவு நீர் தேவைப்படும்? ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் ஆற்றல் வேண்டும். அப்படியானால் 40 வாட் வெப்பத்தைச் சுமக்க, நிமிடத்துக்கு ஒரு கிராம் நீர் ஆவியானால் போதும். குழாய்க்குள் இருக்கும் சில துளிகளே திரும்பத் திரும்பச் சுற்றி அந்த ஒரு கிராம் கணக்கை நிறைவேற்றிவிடுகின்றன. அதே தடிமன் உள்ள திடச் செம்பைவிட இந்தக் குழாய் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ரிச்சர்ட் காக்லர் 1940களிலேயே இந்தக் கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்கலத் தேவைகளுக்காக இதைத் தனியே உருவாக்கினார். அங்கிருந்துதான் அது உலகெங்கும் பரவி, 1990களில் லேப்டாப்புக்குள்ளும் வந்தது.

கடைசிக் கண்ணி காற்று. லேப்டாப்பின் அடிப்பக்கத் துளைகள் வழியாக ஃபேன் காற்றை உள்ளே இழுத்து, தகடுகளின் இடுக்கு வழியாகப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ தள்ளுகிறது. 50 வாட் வெப்பத்தை எடுத்துச் செல்லும் காற்று 20 டிகிரி சூடாகி வெளியேறுகிறது என்றால், நொடிக்கு 2 லிட்டர் காற்று ஓட வேண்டும். அந்த 2 லிட்டரும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நுழைந்து வர வேண்டும். மெத்தையின் மேலோ தலையணையின் மேலோ லேப்டாப்பை வைத்தால் மூச்சுமுட்டுவது இந்த இடத்தில்தான்.

அறை வெப்பமும் சேர்ந்துகொள்ளும்

இந்தப் பாதையில் எந்தக் கண்ணியும் வெப்பத்தை அழிப்பதில்லை, அடுத்ததிடம் ஒப்படைக்கிறது. ஒப்படைக்க வேண்டுமானால் இங்கே சூடு அதிகமாகவும் அங்கே குறைவாகவும் இருந்தாக வேண்டும். ஆகவே சிப்பின் வெப்பநிலை எப்போதும் அறையின் வெப்பநிலைக்கு மேல்தான் அடுக்கப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லேப்டாப்பின் வெப்பப் பாதை, ஒவ்வொரு வாட்டுக்கும் சிப்பை 1.2 டிகிரி ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிப்பின் மேல்வரம்பு 100 டிகிரி. பல இன்டெல் ப்ராசஸர்களுக்கு இதுதான் வரம்பு. அறை 25 டிகிரியில் இருந்தால், வரம்பைத் தொடுமுன் 62 வாட் வரை ஓடலாம். அறை 38 டிகிரி ஆனால் 52 வாட்தான். தகடுகளில் தூசி அடைத்து, வாட்டுக்கு 1.5 டிகிரி ஏறுகிறது என்றால், அதே 38 டிகிரி அறையில் 41 வாட்டோடு சரி. காசு கொடுத்து வாங்கிய திறனில் மூன்றில் ஒரு பங்கு, வெயிலிலும் தூசியிலும் போய்விட்டது.

மேக்புக் போன்ற லேப்டாப்களுக்கு 10 முதல் 35 டிகிரி வரையிலான அறை வெப்பத்தைத்தான் தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். கத்திரி வெயிலில் வேலூரிலும் திருச்சியிலும் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. குளிர்சாதனம் இல்லாத மாடி அறையில் மதியம் மூன்று மணிக்கு 35 டிகிரி என்பது சாதாரணம். ஆகவே குளிர்ந்த நாடுகளின் விமர்சகர்கள் அளந்து சொல்லும் வேகத்தை நம் ஊர்க் கோடையில் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. கனமான வேலையை அதிகாலைக்கோ இரவுக்கோ தள்ளிவைப்பதில் உண்மையான பலன் இருக்கிறது.

சிறு ஓட்டமும் நெடு ஓட்டமும்

நவீன ப்ராசஸர் தன் வெப்பநிலையைத் தானே அளந்துகொண்டிருக்கும். வரம்பை நெருங்கினால் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைக்கும். இதற்குப் பெயர் தெர்மல் த்ராட்லிங். அப்படியும் அடங்காவிட்டால் கணினியை அணைத்துவிடும். எல்லாச் சிப்பிலும் இந்தப் பாதுகாப்பு ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணைய இதழ், ஓடிக்கொண்டிருக்கும் மேசைக் கணினிகளில், சிப்பின் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்கைக் கழற்றிப் பார்த்தது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. ஏஎம்டியின் அத்லான் சில நொடிகளில் கருகிப்போனது. இன்று அப்படி ஒரு சிப் கருகும் வாய்ப்பு மிகக் குறைவு. வெப்பத்தால் இப்போது நாம் இழப்பது முதலில் வேகத்தைத்தான்.

அன்றாட வேலைக்கும் கனமான வேலைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வருகிறது. ஒரு இணையப் பக்கத்தைத் திறப்பது, ஒரு ஆவணத்தைச் சேமிப்பது எல்லாம் ஓரிரு நொடி வேலை. அந்த நொடிகளில் ப்ராசஸர் தன் நிரந்தர வரம்பைவிட இரண்டு, மூன்று மடங்கு மின்திறனை எடுத்து முழு வேகத்தில் பாய்கிறது. பிறக்கும் வெப்பத்தைச் செம்புத் தகடும் குழாய்களும் தற்காலிகமாக வாங்கிக்கொள்கின்றன. பல மாடல்களில் இந்தப் பாய்ச்சலுக்குச் சுமார் அரை நிமிடம்தான் அனுமதி. அதற்குள் வேலை முடிந்துவிட்டால் ஃபேன் சுழலவே தேவைப்படாது.

வீடியோ ரெண்டரிங், நீண்ட நேர விளையாட்டு, பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்வது போன்ற வேலைகள் அப்படியல்ல. அரை நிமிடத்துக்குப் பிறகு செம்பு நிரம்பிவிடும். அதன்பின் உள்ளே பிறக்கும் ஒவ்வொரு வாட்டும் அந்தந்த நொடியே வெளியேற வேண்டும். வெளியேற்றும் திறன் எவ்வளவோ, வேகமும் அவ்வளவே. கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து லேப்டாப்பை மதிப்பிட முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

2020 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட இரண்டு லேப்டாப்கள் இதற்கு மிகத் தெளிவான சாட்சி. மேக்புக் ஏர், மேக்புக் ப்ரோ இரண்டிலும் ஒரே எம்1 சிப். ஏரில் ஃபேன் கிடையாது, ப்ரோவில் உண்டு. அன்றாட வேலைகளில் இரண்டுக்கும் வேறுபாடு காண முடியாது. நீண்ட வேலை கொடுத்தால் சில நிமிடங்களுக்குப் பிறகு ஏர் பின்தங்கும், ப்ரோ அதே வேகத்தில் ஓடும். ஆகவே மின்னஞ்சல், ஆவணம், வகுப்பு, படம் என்று பயன்படுத்துபவருக்கு ஃபேன் இல்லாத மெல்லிய லேப்டாப் முழுமையாகப் போதும். மணிக்கணக்கில் ரெண்டர் செய்பவர் கொஞ்சம் தடிமனான, நல்ல ஃபேன் உள்ள மாடலை வாங்குவதே புத்திசாலித்தனம்.

தோலும் பேட்டரியும்

சிப் 95 டிகிரியைத் தாங்கும். மனிதத் தோல் தாங்காது. 44 டிகிரி சூட்டைத் தொடும்போது கை பதறி விலகாது. ஆனால் அதே சூடு ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டால் தோல் வேகும் என்று மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் ஆகிய இருவர் 1947இலேயே காட்டினார்கள். 2010இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 12 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். லேப்டாப்பை மடியில் வைத்துப் பல மாதங்கள் தினமும் விளையாடியதால் அவன் இடது தொடையில் வலைப்பின்னல் போல நிறமாற்றம் படர்ந்திருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வில், ஒரு மணி நேரம் மடியில் லேப்டாப் வைத்திருந்த இளைஞர்களின் விரைப்பை வெப்பநிலை 2.6 டிகிரிக்கு மேல் உயர்ந்தது. விந்தணு உற்பத்திக்குக் குளிர்ச்சி தேவை என்பதால் இதை அலட்சியம் செய்யக் கூடாது. மடியில் வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் இடையே ஒரு கெட்டியான பலகை இருக்கட்டும்.

வெப்பம் மெதுவாகத் தின்னும் மற்றொரு உறுப்பு பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரிக்குள் நடக்கும் வேண்டாத வேதிவினைகள் சூட்டில் வேகமெடுக்கும். முழுச் சார்ஜில் இருந்தால் இன்னும் வேகமெடுக்கும். பரவலாக எடுத்துக்காட்டப்படும் அளவுகளின்படி, 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜோடு ஓராண்டு வைத்திருந்த பேட்டரி தன் கொள்ளளவில் 96 சதவீதத்தைத் தக்கவைக்கும். 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்திருந்தால் மிஞ்சுவது 65 சதவீதம்தான். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதை இன்றே போட்டுவையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் லேப்டாப்பை விட்டுச் செல்லாதீர்கள். டச்பேட் மேலெழும்பினாலோ அடிமூடி பிதுங்கினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். அதை அழுத்துவதும் குத்துவதும் தீவிபத்தில் முடியும்.

நாம் செய்யக்கூடியது

லேப்டாப் தயாரித்தவர் அமைத்த பாதையை நம்மால் மாற்ற முடியாது. அதன் இரு முனைகள் நம் கையில் இருக்கின்றன: உள்ளே எவ்வளவு வெப்பம் பிறக்கிறது, வெளியே காற்று எவ்வளவு எளிதாக ஓடுகிறது.

பிறக்கும் வெப்பத்தை முதலில் பார்ப்போம். சும்மா இருக்கும்போதே ஃபேன் இரைந்தால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது ப்ராசஸரைத் தின்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் உலாவியில் மறந்துபோன ஒரு பக்கமாகவோ பின்னணியில் ஓடும் அப்டேட்டாகவோ இருக்கும். விளையாட்டில் நொடிக்கு 60 ஃப்ரேம் போதுமென்றால் அதற்கு வரம்பு வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஃப்ரேம்களை வரைவதும் வெப்பம்தான். விண்டோஸின் பவர் அமைப்பில் ப்ராசஸரின் உச்ச அளவை 100இலிருந்து 99 சதவீதமாக்கினால் டர்போ பாய்ச்சல் நின்றுவிடும். வேகம் சற்றுக் குறைந்தாலும் வெப்பமும் இரைச்சலும் வெகுவாகக் குறையும். கோடை மதியத்துக்கு இது நல்ல ஏற்பாடு. மின்னழுத்தத்தை மட்டும் குறைக்கும் அண்டர்வோல்டிங் முறை இன்னும் நல்ல பலன் தரும். ஆனால் அந்த வசதியைப் பயன்படுத்தித் தரவைத் திருட முடியும் என்று 2019இல் பிளண்டர்வோல்ட் ஆய்வு காட்டிய பிறகு, பல இன்டெல் லேப்டாப்களில் அதைப் பூட்டிவிட்டார்கள்.

அடுத்து காற்று. கெட்டியான, சமதளமான பரப்பில் வையுங்கள். பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தினாலே அடித்துளைகளுக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கும்; இதற்கு ஒரு எளிய ஸ்டாண்டு போதும். வெப்பக்காற்று வெளியேறும் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவைக்காதீர்கள். வெளியேறிய காற்றே திரும்ப உள்ளே வரும். சில மாடல்கள் கீபோர்டு வழியாகவும் காற்றை இழுப்பதால், ரப்பர் கவர் போடுமுன் கவனியுங்கள். பைக்குள் வைக்குமுன் ஸ்லீப்பில் விடாமல் முழுவதும் அணைத்துவிடுங்கள். பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு கொதிக்கும் லேப்டாப்கள் நிறைய. ஐஸ்கட்டி, ஈரத்துணி, ஃப்ரீசர் எதுவும் வேண்டாம். குளிர்ந்த பரப்பில் நம் ஊர்க் காற்றின் ஈரம் நீராகப் படியும். அந்த நீர் போர்டைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது தூசி. ஓரிரு ஆண்டு ஓடிய லேப்டாப்பின் ஃபேனைக் கழற்றினால், ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு, தலைமுடி, தூசி எல்லாம் அழுந்திச் சாம்பல் நிறப் பட்டையாக நிற்கும். நகத்தால் நெம்பினால் துண்டுத் துணி போல ஒரே பாளமாக உரிந்து வரும். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. ஃபேன் முழு வேகத்தில் இரைந்தும் வெளிக்காற்று சன்னமாக வந்தால் இந்தப் பட்டை இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அடிமூடியைத் திறந்து சுத்தம் செய்வதே முறை. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, முடிந்தால் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரை விட்டு விட்டு அடிக்க வேண்டும். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் தன் வேகத்துக்கு மேல் சுழன்று பேரிங் கெடும்.

சுத்தம் செய்த பிறகும் சூடு குறையாவிட்டால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். மூன்று நான்கு ஆண்டான லேப்டாப்பில் பேஸ்ட் மாற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும். திரவ உலோகம் போடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரிக்கும். வழிந்தால் மின்சாரத்தையும் கடத்திப் போர்டை எரித்துவிடும். சாதாரண நல்ல பேஸ்ட் நமக்குப் போதும்.

எந்த எண்ணுக்குக் கவலைப்படுவது? கனமான வேலையில் 80 முதல் 95 டிகிரி வரை காட்டுவது இன்றைய மெல்லிய லேப்டாப்களில் இயல்பு. எதுவும் செய்யாதபோதே 80 காட்டினால், வேலை நடுவே தானே அணைந்தால், முன்பு ஓடிய வேலைக்கே இப்போது திணறினால் கவனிக்க வேண்டும். அப்போதும் புதிய லேப்டாப் வாங்கும் முடிவுக்கு உடனே போக வேண்டாம். பழையது மெதுவாகிவிட்டது என்று நாம் தள்ளிவைக்கும் பல லேப்டாப்களில் சிப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, காற்று போகும் வழி மட்டும் அடைபட்டிருக்கும். புதியதற்குப் பணம் எடுத்துவைக்குமுன் பழையதைத் திருப்பிப் போட்டு, காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். அந்த இரண்டு வழிகளையும் சுத்தமாக வைத்திருங்கள்.